நாய்க்கும் ஓர் ஓவியமா?

மாத்தளை மாவட்டத்தில் வாழ்வோருக்கு ஓவியத்தின் பெருமையை யாரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. வடக்கு நோக்கிப் புறப்பட்டால் தம்புள்ளைக் குகைகள் வழிமறிக்கும். அங்கிருந்து சற்றுக் கிழக்கே திரும்பினால் சீகிரியாக் குன்று வானளாவி நிற்கும். ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்பன் என்னும் அரசன் காலத்தில் அப்பாறையிலே தீட்டப்பெற்ற பெண்ணுருவங்களைக் காண உலகின் நாலா திசையிலிருந்தும் மக்கள் வருகின்றனர். இத்தகைய மாவட்டத்திலே ஆசிரியத் தொழில் பார்த்து வருவதால், ஓவியம் இன்னதென ஓரளவு அறிவேன் என்னும் எண்ணம் எனக்கு நெடுநாளாக இருந்து வந்தது. அந்த எண்ணத்தைக் கலைத்துவிட்டது ஒரு நாய்!

எங்கள் கல்லூரியில் மாணவர் சித்திரக் கண்காட்சி ஒன்றுக்கு ஏற்பாடு செய்திருந்தோம். சீகிரியா மங்கையர் பலர் வந்து சேர்ந்தனர். நீர்வீழ்ச்சிகளும், கொழுந்து பறிக்கும் பெண்களும், முத்துமாரியம்மன் கோயில் தேர்களும் வந்தன. அவற்றினிடையே, ரத்தோட்டைப் பக்கத்து மலைத்தோட்டம் ஒன்றிலிருந்து வரும் மாணவன் ஒருவன் நான்காக மடித்த பழைய வேட்டித் துணியில் பொதிந்து ஒரு படத்தைக் கொண்டு வந்தான். பிரித்துப் பார்த்தேன். லயத்து வாசற்படியில் பழுப்பு நிற நாட்டு நாய் ஒன்று படுத்திருந்தது. ஒரு காது கிழிந்திருந்தது. படத்தின் அடியில் ‘மணி, 2011 - 2023’ என்று எழுதியிருந்தான்.

அருகில் நின்ற மாணவர் சிலர் சிரித்தனர். நானும் உள்ளூரச் சிரித்தேன் என்பதை இன்று வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். “தம்பி, கண்காட்சிக்கு வேறு நல்ல பொருள் ஒன்றும் கிடைக்கவில்லையா?” என்று கேட்டேன்.

அவன் தலை குனிந்தபடியே, “இது பொருள் இல்லை, சேர். இது எங்கள் மணி” என்றான்.

அதற்கு மேல் நான் பேசவில்லை. படத்தை வாங்கி ஒரு மூலையில் மாட்டச் சொன்னேன். ஆனால் அவன் சொன்ன சொல் என் நெஞ்சில் முள்ளாகத் தைத்து நின்றது. நாயை ஓவியமாகத் தீட்டுவது சிறுபிள்ளை விளையாட்டா? செல்வர் வீட்டு ஆடம்பரமா? அன்றி, அதற்கும் ஒரு மரபு உண்டா? அன்று முதல் இதனைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். அறிந்தவற்றுட் சிலவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கல்லில் நின்ற கோவிவன்

நாயைக் குறித்துத் தமிழர் கொண்டுள்ள எண்ணம் இருவகைப்பட்டது. நன்றிக்கு உவமை சொல்ல வேண்டுமாயின் நாயைச் சொல்வோம். ஒருவரை இழிவுபடுத்த வேண்டுமாயினும் நாயையே சொல்வோம். அடியார்கள் இறைவன் திருமுன் தம்மைத் தாழ்த்திக்கொள்ளும்போது ‘நாயேன்’ என்றனர். அதே வேளையில் வைரவப் பெருமானின் வாகனமாக நாய்க்குக் கோயிலிலும் இடம் தந்தோம். மகாபாரதத்தின் முடிவிலே, தன்னைப் பின்தொடர்ந்து வந்த நாயை விட்டுவிட்டுச் சுவர்க்கம் புக மாட்டேன் என்று தருமர் மறுத்து நின்ற கதையை அறியாதார் யார்? ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். அந்த நாய்க்குப் பெயர் இல்லை. அது தருமதேவதை தாங்கி வந்த வடிவம், ஒரு தத்துவம், ஒரு வீட்டு முற்றத்தில் வளர்ந்த நாயன்று.

பெயர் பெற்ற நாயைக் காண வேண்டுமாயின் நாம் தமிழ்நாட்டிலே திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூருக்குச் செல்ல வேண்டும். அங்கே பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டில், அதாவது ஏழாம் நூற்றாண்டில், ஒரு நடுகல் எடுக்கப்பெற்றது. எருமைகளைக் காக்கும் பூசலிலே கருந்தேவக்கத்தி என்னும் வீரன் உயிர் துறந்தான். அவனுடைய நாய் கள்வரைக் கடித்துக் காத்து நின்றது. ஊரார் வீரனுக்குக் கல் நட்டபோது நாயை மறக்கவில்லை. அவன் உருவத்தோடு அதன் உருவத்தையும் செதுக்கினர். செதுக்கியதோடு அமையாது, ‘கோவிவன்’ என்னும் அதன் பெயரையும் கல்லிலே பொறித்தனர். மன்னர் பலருடைய பெயர்களே மறைந்துபோன நாட்டில், பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக ஒரு நாயின் பெயர் அழியாது நிற்கிறது!

கன்னட நாட்டிலும் இதற்கொப்பான கல் ஒன்றுண்டு. மாண்டியா மாவட்டத்து ஆதகூரில் 949-950 ஆம் ஆண்டளவில் எடுக்கப்பெற்ற அக்கல், காட்டுப்பன்றியோடு பொருது, அதனைக் கொன்று தானும் மாண்ட ‘காளி’ என்னும் வேட்டை நாய்க்காக நாட்டப்பட்டது. நாயும் பன்றியும் மோதும் காட்சி அதில் செதுக்கப்பட்டுள்ளது. அக்கல் இன்று பெங்களூர் அரசாங்க நூதனசாலையில் இருக்கிறது.

இவை வண்ணத்தால் எழுதிய ஓவியங்கள் அல்லவே என்று கேட்கலாம். உண்மையே. ஆனால் உருவப்படம் என்பதன் உயிர் வண்ணத்தில் இல்லை. ‘ஒரு நாய்’ என்று வரைந்தால் அது நாய்ப் படம். ‘இந்த நாய்’ என்று வரைந்தால் அதுவே உருவப்படம். இந்திய அஞ்சல் துறை 2005 ஆம் ஆண்டில் இராஜபாளையம் முதலிய நாய் இனங்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. அவற்றில் நாம் காண்பது இனத்தின் இலக்கணம். எடுத்தனூர்க் கல்லில் காண்பதோ கோவிவன் என்னும் தனியொரு நாயை. இந்த வேறுபாட்டை மனத்திற் கொண்டால் மேலே சொல்லப்போவது எளிதில் விளங்கும்.

இசைத்தட்டில் அமர்ந்த நாய்

உலகிலேயே மிகுதியான மக்கள் கண்ட நாய் ஓவியம் எது? அதனைக் காண எந்தச் சித்திரசாலைக்கும் போக வேண்டியதில்லை. என் தகப்பனார் சேர்த்துவைத்த பழைய இசைத்தட்டுகள் இன்றும் எங்கள் வீட்டுப் பரணில் உள்ளன. அவற்றின் நடுவே ஒட்டிய வட்டத் தாளில், ஒலிபெருக்கும் குழாயின் முன்னே தலையைச் சாய்த்து அமர்ந்திருக்கிறதே ஒரு நாய், அதன் பெயர் நிப்பர்.

நிப்பர் இங்கிலாந்தில் பிறிஸ்டல் நகரில் 1884 இல் பிறந்தது. அதனை வளர்த்தவர் மார்க் பரோட் என்பவர். அவர் 1887 இல் இறந்தபின், அவருடைய தம்பியும் ஓவியருமாகிய பிரான்சிஸ் பரோட் அதனைப் பராமரித்தார். நிப்பர் 1895 இல் இறந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1898 இல், ஒலி எழுப்பும் இயந்திரத்தின் முன் காது கொடுத்து அமர்ந்திருக்கும் நிப்பரை அவர் தீட்டினார். அவர் முதலில் வரைந்தது உருளை வைத்துப் பாடும் பழைய பொறியை. 1899 இல் கிராமபோன் கம்பெனியார், தங்கள் தட்டுப் பொறியை அவ்விடத்தில் மாற்றி வரைந்து தந்தால் படத்தை வாங்குவதாகக் கூறினர். அவரும் அவ்வாறே மாற்றினார். படத்துக்கு ஐம்பது பவுணும் உரிமைக்கு ஐம்பது பவுணுமாக நூறு பவுண் பெற்றார். பொறியை மாற்ற இயன்ற ஓவியர் நாயை மாற்றவில்லை! தமிழ்ப் பாடல்களைக் கேட்ட எத்தனையோ வீடுகளில், பெயர் அறியாமலே நிப்பரோடு நாம் பழகியிருக்கிறோம்.

அதற்கு முன்னரே, 1837 இல், எட்வின் லாண்ட்சீர் என்னும் ஆங்கில ஓவியர், இறந்துபோன வயோதிப இடையனின் சவப்பெட்டிமேல் தலையைச் சாய்த்து நிற்கும் நாயைத் தீட்டிப் பெரும்புகழ் பெற்றார். இலண்டன் விக்டோரியா அல்பேர்ட் நூதனசாலையில் உள்ள அப்படத்தில் மனிதர் ஒருவரும் இல்லை. நாய் மாத்திரமே துக்கம் காக்கிறது.

நம் காலத்து ஓவியர்கள்

நம் காலத்திற்கு வருவோம். டேவிட் ஹொக்னி என்னும் புகழ் பெற்ற ஆங்கில ஓவியர் 1995 இல் தம்முடைய ஸ்டான்லி, பூஜி என்னும் இரு நாய்களை மாத்திரம் நாற்பதுக்கு மேற்பட்ட ஓவியங்களாகத் தீட்டினார். நீண்ட உடலும் குட்டைக் கால்களும் வாய்ந்த நாய்கள் அவை. மனிதனைப்போல ‘அசையாமல் இரு’ என்று சொன்னால் நாய் கேட்குமா? ஆகவே ஓவியர் தாமே நாய்களின் உயரத்துக்கு இறங்கினார். சட்டங்களைத் தாழ்வாக நிறுத்தி, வண்ணங்களை ஆயத்தமாகக் குழைத்து வைத்துக்கொண்டு, அவை உறங்கும் வேளை பார்த்து விரைந்து தீட்டினார். கதவு தட்டும் ஓசை கேட்டாற் போதும். படம் அவ்வளவோடு நின்றுவிடும்.

லூசியன் பிராய்ட் என்னும் மற்றோர் ஓவியர், மனித உடலை ஈவிரக்கமின்றி உள்ளவாறே தீட்டுபவர் என்று பெயர் பெற்றவர். அவர் தம் நாயாகிய புளூட்டோவைப் பல ஆண்டுகள் வரைந்தார். 2003 இல் அது இறந்தபோது, அதனைப் புதைத்த தோட்டத்து நிலத்தை, உதிர்ந்த இலைகளோடு மாத்திரம் தீட்டி வைத்தார். நாயில்லாத நாய் ஓவியம் அது! 2011 இல் அவர் காலமானபோது முடிவுறாமல் நின்ற கடைசிப் படத்திலும் ஒரு நாய் இடம்பெற்றிருந்தது.

இன்று இப்பழக்கம் பெரும் ஓவியர்களோடு நிற்கவில்லை. கொழும்பிலும் சென்னையிலும், தமிழர் குடியேறிய தூரதேசங்களிலும், தம் வீட்டு நாயின் புகைப்படத்தைக் கைப்பேசி வழியே ஓவியருக்கு அனுப்பி, வண்ணப்படமாகப் பெற்றுச் சுவரில் மாட்டுவோர் பலர் உளர். எண்ணெய் வண்ணம், நீர்வண்ணம், வண்ணப் பென்சில் எனப் பல வகையிலும் இதனைத் தொழிலாகக் கொண்ட இளைஞரும் யுவதிகளும் இருக்கின்றனர். நாய் இறந்த பின்னரும் படங்கள் கேட்கப்படுகின்றன என்பதை எண்ணிப் பார்த்தால், இதனை வெறும் ஆடம்பரம் என்று தள்ளிவிட மனம் வருமா?

மாணவர்க்குச் சில குறிப்புகள்

சித்திரம் பயிலும் மாணவர்க்கு இத்துறை நல்லதொரு பயிற்சி. முதலில் புகைப்படம். நாயின் கண்மட்டத்துக்குக் குனிந்து, பகல் வெளிச்சத்தில் எடுக்க வேண்டும். மிக அருகில் நின்று எடுத்தால் மூக்குப் பெருத்து, காதுகள் சிறுத்து, முகம் கோணிவிடும். சற்றுத் தள்ளி நின்று எடுப்பதே முறை. மின்னல் விளக்கு ஆகாது; நாயின் விழிக்குப் பின்னே ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று இருப்பதால் கண்கள் பச்சையாக எரியும்.

அடுத்து வரைதல். உரோமத்தை ஒவ்வோர் இழையாக எண்ணி எழுதப் புகுந்தால் நாய் துடைப்பமாகிவிடும். முதலில் உடலின் பெரும் வடிவையும் ஒளி நிழலையும் வகுத்துக்கொண்டு, பிறகு உரோமம் எத்திசையில் படிந்திருக்கிறது என்று பார்த்து அத்திசையிலேயே தூரிகையை இழுக்க வேண்டும். கறுப்பு நாயில் கறுப்பு மாத்திரம் இல்லை. வெயில் படும் இடத்தில் நீலமும், மங்கும் இடத்தில் செம்பழுப்பும் தோன்றும். கண்ணிலே ஒளிப்புள்ளி ஒன்று தவறிய இடத்தில் விழுந்தால் படமே உயிரிழந்துவிடும்.

எல்லாவற்றிலும் மேலானது ஒன்றுண்டு. நாய்க்கு நாய் வேறுபடும் அடையாளங்களைத் தவறவிடலாகாது. நரைத்த மோவாய், மடிந்த காது, பழைய தழும்பு ஆகியவற்றை அழகு கருதி மறைத்துவிட்டால், எஞ்சுவது வேறொருவர் வீட்டு நாயே. கணினிக்கு ஒரு சொல் கொடுத்தால் நொடிப்பொழுதில் ஆயிரம் நாய்களை அழகழகாக எழுதித் தரும் காலம் இது. ஆயினும் நம் வீட்டு நாயின் தழும்பு எந்தக் காதில் என்பது, அதனோடு வாழ்ந்தவர்க்குத்தானே தெரியும்?

இதனை எனக்குக் கற்பித்தவர் எந்த ஓவியரும் அல்லர். மணியை வளர்த்த மூதாட்டியே அவர்.

அப்பாயியின் தீர்ப்பு

கண்காட்சியின் இரண்டாம் நாள் அம்மாணவன் தன் அப்பாயியை, அதாவது தந்தையைப் பெற்ற பாட்டியை, அழைத்து வந்தான். எண்பது வயதை எட்டியவர். தேயிலைத் தோட்டத்திலேயே பிறந்து, கொழுந்தெடுத்து முதிர்ந்தவர். சீகிரியா மங்கையரை எல்லாம் கடந்து நேரே மூலைக்கு வந்தார். படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு விரலை நீட்டி, “காது மாறிப் போச்சே, ராசா!” என்றார்.

பேரன் திகைத்தான். புகைப்படத்தைப் பார்த்தே வரைந்ததாகச் சாதித்தான். “தெனமும் உண்ணி எடுத்த கைக்குத் தெரியாதாடா? கிழிஞ்சது சோத்தாங்கைப் பக்கத்துக் காது. கொல்லையிலே காட்டுப்பன்னியைத் தொரத்துன அன்னிக்குக் கிழிஞ்சது” என்றார் அவர்.

இருவரும் கைப்பேசியை எடுத்து அந்தப் புகைப்படத்தை உற்று நோக்கினோம். மணியைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவன் தன்னைத் தானே எடுத்துக்கொண்ட படம் அது. அவன் அணிந்திருந்த சட்டையின் எழுத்துக்கள் இடம் வலமாகப் புரண்டு கிடந்தன! திரையின் பக்கம் உள்ள கருவி, கண்ணாடியைப்போலக் காட்சியைத் திருப்பிப் பதிந்திருந்தது. கருவி பிழைத்தது, உண்ணி எடுத்த கை பிழைக்கவில்லை. காட்டுப்பன்றியோடு பொருத ஆதகூர்க் காளியின் கதையைப் பின்னர் அவருக்குச் சொன்னேன். “அதுக்குக் கல்லு நட்டாங்களா? நல்ல சனங்க” என்று மாத்திரம் சொன்னார்.

மாணவன் படத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்று காதுகளைத் திருத்தினான். அன்றிரவு அப்பாயி அவனிடம் ஒன்று கேட்டாராம். மறுநாள் அவன் வந்து சொன்னபோது என் கண்கள் கலங்கின. “நாயை எழுதுன கையாலே உங்க தாத்தாவையும் எழுதுவியா?” என்பதே அந்தக் கேள்வி.

பெயரும் முகமும்

அந்தத் தாத்தாவுக்கு ஒரு புகைப்படங்கூட இல்லை. ஏன் இல்லை என்பதை இளம் வாசகர்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், மன்னார்க் கரையில் இறங்கிய நம் முன்னோர் காட்டு வழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்தே வந்தனர். மாத்தளைக்குப் புகையிரதம் வந்தது 1880 இல்தான். வழியிலே பசியாலும் நோயாலும் மடிந்தோர் பலர். அவர்களுக்கு நடுகல் இல்லை, பெயரும் இல்லை. அதே காலத்தில் நுவரெலியாவில் தங்கியிருந்த சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர், 1850 களில் வெளியிட்ட தம் வேட்டை நூலில், கில்பக், ஸ்மட், பிரான் என்று தம் நாய்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் புகழ்ந்திருக்கிறார். அதற்காக அவர்மீது எனக்குக் கோபம் இல்லை. தம் நாயைப் பெயர் சொல்லி நினைப்பவர் செய்வது பிழையன்று. மனிதரை எண்ணிக்கையாக மாத்திரம் ஏட்டில் எழுதி வைத்ததே பிழை.

சுதந்திரத்தின் பின்னரும் அக்குறை தீரவில்லை. 1948 இன் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கிற்று. 1970 களில் புகைப்படத்துடன் கூடிய தேசிய அடையாள அட்டை வந்தபோது, குடியுரிமை இல்லாதார்க்கு அது கிடைக்கவில்லை. எஞ்சியோரின் குறையைத் தீர்க்க 2003 இல் புதிய சட்டம் வர வேண்டியிருந்தது. அந்தத் தாத்தாவோ 1981 இலேயே கண்ணை மூடிவிட்டார். அட்டைக்காகக்கூட யாரும் அவரைப் படம் எடுக்கவில்லை. திருமணப் படம் எடுக்கவும் கையில் காசில்லை.

இப்பொழுது அம்மாணவன் ஞாயிறுதோறும் லயத்து வாசற்படியில் அப்பாயியின் அருகே அமர்ந்து வரைகிறான். பார்த்து எழுதப் படமில்லை, கேட்டு எழுதுகிறான். “மூக்கு இவ்வளவு நீளமில்லே.” “தலப்பாவ இப்படிக் கட்ட மாட்டாரு. ஒரு பக்கம் எறங்கியிருக்கும்.” “புருவத்திலே ஒரு வெட்டு, கவ்வாத்துக் கத்தி பட்டது.” எந்தப் புருவம் என்று அவன் மறவாமல் கேட்டுக்கொள்கிறான். நாற்பது தாள்களுக்கு மேல் கிழித்தாயிற்று. அவர் இன்னும் ‘இவர்தான்’ என்று சொல்லவில்லை. ஆனால் சென்ற வாரம் ஒரு தாளைக் கிழிக்க வேண்டாம் என்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டாராம்.

சீகிரியாவின் பெண்கள் யார் என்பதில் அறிஞர்கள் இன்றும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. தேவமகளிர் என்பாரும் உளர். அரண்மனைப் பெண்கள் என்பாரும் உளர். முகம் நிற்கிறது, பெயர் போய்விட்டது. மலையேறி வந்த நம் முன்னோருக்கோ முகமும் நிற்கவில்லை. எனவே வாசகர்களே, உங்கள் வீட்டு நாயைப் பிள்ளைகள் வரைய முற்பட்டால், நான் செய்தது போலச் சிரித்துவிடாதீர்கள். தாளும் வண்ணமும் வாங்கிக் கொடுங்கள். அடியில் பெயரையும் ஆண்டையும் எழுதச் சொல்லுங்கள். நாய் உயிரோடு இருக்கும்போதே ஆண்டுதோறும் விசர்நாய்க்கடித் தடுப்பூசியையும் போட்டுவிடுங்கள். ஓவியத்தைவிட அதுவே முந்திய கடன். பிறகு, அதே பிள்ளையை வீட்டிலுள்ள முதியவரின் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

மணியின் படம் இப்பொழுது லயத்தில், சாமிப்படங்களுக்குச் சற்றுத் தள்ளி மாட்டப்பட்டிருக்கிறது. அதன் பக்கத்தில் இன்னோர் ஆணியும் அடித்து வைத்திருக்கிறார்கள்.